இருபத்தாறு கிராம் குறைய வேண்டும்

உட்துறைமுக வீதியில்,
வள்ளங்கள் கரையேறிக் காயும் பக்கம்,
கேதீசன் அண்ணனின் வெல்டிங் கடையில்
நான் பில் எழுதுகிறேன்.
பின்னேரங்களில், மூன்றாம் தடவைக்கு,
இரசாயனவியல்.
முதல் இரண்டு தடவையும் என்னை விழுத்தியது பீசமானம்.

சித்திரையில் வந்தது ஐம்பது கிலோ காபைட் டிரம்.
வைகாசி முடிய இன்னும் கிடக்க
காஸ் தீர்ந்தது, ஐந்தில் ஒரு பங்கு குறைய.
ஒரு படகின் சுக்கான் பாதி வெட்டியபடி நின்றது.
"பத்துக் கிலோ எங்கே?" என்றார் அண்ணன்.
மாம்பழக் காலம்.
கல் வைத்துப் பழுக்க வைப்பவர்கள்
கிலோவுக்கு என்ன கொடுப்பார்கள் என்று
சந்தையில் எல்லோருக்கும் தெரியும்.
டிரம் அறையின் திறப்பு ஜெஸீலிடம்.
எல்லோரும் ஜெஸீலைப் பார்த்தார்கள்.

அவன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தான்.
கிண்ணியா பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.
நேரம் சொன்னேன்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு ஒரு தாளில் எழுதினேன்:
காபைட் ஒன்று, தண்ணீர் ஒன்று.
அந்தப் பக்கம் அசற்றலீன், நீறிய சுண்ணாம்பு.
அறுபத்துநாலும் பதினெட்டும் எண்பத்திரண்டு.
அந்தப் பக்கமோ நூறு.
எங்கிருந்து முளைத்தது இந்தப் பதினெட்டு?
புத்தகத்தைச் சந்தேகித்தேன்,
அச்சடித்தவனைச் சந்தேகித்தேன்,
கல்குலேற்றரின் பற்றறியைக் கழற்றிப் போட்டேன்.
தண்ணீருக்கு முன்னால் ஓர் இரண்டு.
இரண்டு வருசமாய் நான் போடாமல் விட்ட
அதே இரண்டு.

போட்டேன். நூறுக்கு நூறு.
பிழைத்த தாளைக் காலையில் கடை வாசலில் எறிய
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
நின்று நிதானமாய் மென்று விழுங்கிப் போனது.

என்.சி. வீதி நகைக்கடையில் தராசு இரவல் கேட்டேன்.
"பவுனா?"
"இல்லை, கல்."
சிரித்துக்கொண்டே தந்தார்கள்.

கடைக்குப் பின்னால், பீடிகளை அணைக்கச் சொல்லி,
போத்தலில் தண்ணீர், வாயில் பஞ்சு,
அறுபத்துநாலு கிராம் கல், சிறிது சிறிதாய்.
சீறியது. உள்ளி மணந்தது.
போத்தல் கை பொறுக்காத சூடு.
ஆறும்வரை ஒருவரும் பேசவில்லை.

சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்:
அறுபத்துநாலு கல் கரைந்தால்
இருபத்தாறு காற்றோடு போகவேண்டும்.
பழைய டிரம்மின் அடியில் மிஞ்சிய கட்டிக்கு
இருபத்தைந்து போனது.
புதியதற்கு இருபது தசம் எட்டு.
திரும்பச் செய்தேன். இருபது தசம் ஆறு.
இன்னொரு தரம். இருபது தசம் ஒன்பது.

களவு போகவேண்டிய அளவு
களவு போகவில்லை.
கல்லில் ஐந்திலொன்று வெறும் கல்.
அந்தப் பத்துக் கிலோ
லொறியிலிருந்து இறக்கும்போதே இருக்கவில்லை.
வழியில் ஈரம் பட்டதோ, கொழும்பில் கலந்தார்களோ,
அதைச் சமன்பாடு சொல்லாது.

அண்ணன் தாளை இரண்டு முறை பார்த்தார்,
என் இரண்டைத் தொட்டு "இதென்ன?" என்றார்,
பிறகு, "சரி, அவனை வரச்சொல்லு."
சொல்லச் சொன்னது என்னை.

ஜெஸீலுக்குப் போன் எடுத்து
எல்லாம் விளக்கினேன், அந்த இரண்டிலிருந்து தொடங்கி.
அவன் பக்கம் ஒரு இன்ஜின் கிளம்பிக் கிளம்பி நின்றது.
முடியும்வரை கேட்டான்.

"நான் எடுக்கல்லெண்டு
எனக்கு முந்தியே தெரியும்தானே.
கணக்கு உங்களுக்குத்தான் தேவைப்பட்டிருக்கு."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும்.
பின்சுவரோரம் சுண்ணாம்புச் சேறு வெடித்துக் காய்கிறது.
கையுறை மேசையில்தான் கிடக்கிறது.
கடற்காற்றுக்குப் பறக்காமல்
பில்களின் மேல் வைத்திருக்கிறேன்.